தெரிந்த சிக்கல்களும் வெர்ஷன் மாற்றமும்: டேட்டாபேஸ் கனெக்டர் ஆவணங்களை எங்கே, எப்படி வைப்பது?

நிரலை டேட்டாபேஸ் சர்வரோடு இணைக்கும் நூலகமான டேட்டாபேஸ் கனெக்டரின் ஆவணத்தைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர் கையில் பிழைச்செய்தி இருக்கிறது. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று சர்வரோடு இணைய மறுக்கிறது. இன்னொருவர் அடுத்த மாதம் புதிய பெரிய வெர்ஷனுக்குப் போக வேண்டும். எது உடையும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். முதலாமவருக்கு வேண்டியது தெரிந்த சிக்கல்களின் பட்டியல். இரண்டாமவருக்கு வேண்டியது மாற்றக் கையேடு. இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்தால் இருவருமே தேடிக் களைத்து, யாரோ எப்போதோ எங்கோ எழுதிய பதிலை நகலெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பிரித்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இந்த இரண்டு வகைத் தகவலும் பழையதாகும் விதம் வேறு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ஜாவா கனெக்டரான கனெக்டர்/ஜே 5.1-க்கும் 8.0-க்கும் இடையில் என்ன மாறியது என்பது முடிந்துபோன விஷயம். அது இனி மாறப்போவதில்லை. தெரிந்த சிக்கலுக்கோ ஆயுள் உண்டு. வெளியீடு முடிந்து மூன்று வாரம் கழித்துத் தெரியவரும். பிறகு ஒரு மாற்றுவழி கிடைக்கும். அடுத்து ஒரு கிளையில் (3.0, 3.1 போல இணையாகப் பராமரிக்கப்படும் வெர்ஷன் வரிசையில்) சரியாகும், பழைய கிளையில் அப்படியே கிடக்கும். அதனால் எந்தத் தகவலை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது ஒரு கேள்வி போதும்: வெளியான பிறகு இது மாறுமா? மாறும் என்றால் மாற்ற முடிகிற இடத்தில் வைக்க வேண்டும். மாறாது என்றால் வெர்ஷனோடு சேர்த்து உறையவைக்கலாம். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியை வைத்தே போகிறது.

சிக்கல்களை எழுத நான்கு இடங்கள்

முதலாவது, வெளியீட்டுக் குறிப்பு. எல்லாத் திட்டத்திலும் ஏற்கெனவே இருக்கும். தனியாக எதையும் அமைக்க வேண்டாம். ஆனால் அது எழுதப்படுவது வெளியீட்டு நாளில், சிக்கல்கள் தெரியவருவது அதற்குப் பிறகு. 3.0.0-இல் நுழைந்த ஒரு பிழை 3.1.2 வெளியாகும் சமயத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றால், அது 3.1.2-இன் குறிப்பில் ஏறும். 3.0.4 வைத்திருப்பவர் தன் வெர்ஷனின் குறிப்பைத் திறந்து பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. பழைய குறிப்பைத் திருத்திவிடலாமே என்றால், தளத்தில் உள்ள பிரதியைத்தான் திருத்த முடியும். பொதிக்குள் அடைபட்டுப்போன பிரதியும் லினக்ஸ் விநியோகங்கள் எடுத்து வைத்திருக்கும் பிரதியும் அப்படியே இருக்கும். வெளியீட்டுக் குறிப்பில் சிக்கலின் ஒருவரிச் சுருக்கமும் முழுப் பதிவுக்கான இணைப்பும் இருந்தால் போதும்.

இரண்டாவது, பிழைப் புகார்களைப் பதிந்து பின்தொடரும் இஷ்யூ டிராக்கர். ஒரு லேபிள் ஒட்டி, அந்த லேபிளுக்கான தேடல் முகவரியைத் தெரிந்த சிக்கல்கள் பக்கம் என்று கொடுத்துவிடுவது. செலவே இல்லாத வழி என்று தோன்றும், ஆனால் செலவு முழுவதும் வாசகர் தலையில் விழுகிறது. தலைப்பு புகார் கொடுத்தவரின் சொற்களில் இருக்கும். அவருடைய சூழலில் தெரிந்த அறிகுறிதான் தலைப்பு. மூலக்காரணம் வேறாக இருக்கும். எண்பது மறுமொழிகளில் நாற்பதாவதில் ஒரு மாற்றுவழி இருக்கும்; அறுபதாவதில் அது புதிய வெர்ஷனில் வேலை செய்யவில்லை என்று இன்னொருவர் எழுதியிருப்பார். இதைவிடப் பெரிய சங்கடம், ‘மூடப்பட்டது’ என்ற நிலை. டிராக்கரில் அதற்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு: திருத்தம் மூலநிரலில் சேர்ந்துவிட்டது; இது வேறொரு புகாரின் நகல்; இது கனெக்டரின் தவறில்லை; பல மாதம் அசைவில்லாததால் தானியங்கி போட் மூடிவிட்டது. முதல் பொருளில்கூட, சேர்ந்த திருத்தம் இன்னும் எந்த வெளியீட்டிலும் வராமல் இருக்கலாம். வாசகரோ எல்லாவற்றையும் ‘சரியாகிவிட்டது’ என்றே படிப்பார். டிராக்கர் வேலை செய்பவர்களின் மேசை. அங்கே நடந்ததைச் சுருக்கி, முடிவை வெளியே எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்றாவது, வெர்ஷன்வாரி ஆவணத் தளத்தில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனிச் சிக்கல் பக்கம். கேட்க ஒழுங்காக இருக்கிறது. செயற்பாட்டில் இதுதான் அதிகம் அழுகும். ஆதரவில் இருக்கும் கிளைகள் ஐந்து என்றால், புதிதாகத் தெரியவந்த ஒரு சிக்கலை ஐந்து கிளைகளில் எழுத வேண்டும். பிறகு திருத்தம் வந்ததும் ஐந்து இடத்திலும் நிலையை மாற்ற வேண்டும். முதல் மாதம் நடக்கும். மூன்றாவது மாதம் சமீபத்திய கிளையில் மட்டும் நடக்கும். கூடவே தேடுபொறிகள் பல ஆண்டுகளாக இணைப்புகள் சேர்த்துவைத்த பழைய வெர்ஷன் பக்கத்தை மேலே காட்டும் பழக்கமும் இருக்கிறது. ஆகவே புதிய வெர்ஷன்காரர் பழைய பக்கத்தில் வந்து இறங்கி, அங்கே உள்ள காலாவதியான மாற்றுவழியை எடுத்துக்கொண்டு போவார். செயற்கூறுகளின் விளக்கத்தை வெர்ஷன்வாரியாக வைப்பது முற்றிலும் சரி, ஏனென்றால் 3.0-இன் செயற்கூறு 3.0 இருக்கும்வரை மாறாது. சிக்கல்களுக்கு அந்த அமைப்பு பொருந்தாது.

நான்காவது, வெர்ஷன் சாராத ஒரே உயிர்ப்பக்கம். எல்லாச் சிக்கல்களும் ஒரே முகவரியில் இருக்கும். எந்த வெர்ஷன்களைத் தாக்கும் என்பது ஒவ்வொரு பதிவின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். திருத்தம் வந்தால் மாற்ற வேண்டியது ஓர் இடம். பெரும்பாலான கனெக்டர்களுக்கு இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. நடைமுறையில் அந்தப் பக்கத்தைக் கையால் எழுதாமல், கனெக்டரின் மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் ஒரு சிக்கலுக்கு ஒரு சிறு கோப்பு என்று வைத்து, அவற்றிலிருந்து பக்கத்தை உருவாக்குவது நல்லது. அப்போதுதான் பிழையைத் திருத்தும் மாற்றமும் ஆவணத்தின் மாற்றமும் ஒரே மதிப்பாய்வில் சேர்ந்து போகும்.

இந்த வழியின் பலவீனம், கவனிப்பார் இல்லாவிட்டால் பக்கம் பொய் சொல்லத் தொடங்கும் என்பது. சரிசெய்யப்பட்ட சிக்கல் ‘திறந்திருக்கிறது’ என்றே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதற்கு மனித நினைவை நம்பாத மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் அந்தப் பிழையை அப்படியே மறுபடி வரவைக்கும் ஒரு சோதனையை எழுதி, ‘தோற்கும் என்று எதிர்பார்க்கிறோம்’ என்று குறித்து வைக்க வேண்டும். பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் இது எக்ஸ்ஃபெயில் என்ற குறி. காரணம் எழுதும் இடத்தில் சிக்கலின் எண்ணைக் கொடுக்கலாம். ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பையும் சேர்த்து இயக்கினால், யாராவது அந்தப் பிழையைத் தெரிந்தோ தெரியாமலோ சரிசெய்த அன்று சோதனை எதிர்பாராமல் வெற்றிபெறும். அந்த வெற்றியையே பைடெஸ்ட் தோல்வியாகக் கணக்கிட்டு பில்டை (நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டத்தை) நிறுத்தும். குறியை எடுக்கப் போகிறவர் எண்ணைப் பார்ப்பார், பதிவைத் திறப்பார், எந்த வெர்ஷனில் சரியானது என்று எழுதுவார்.

ஐந்தாவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வதுண்டு: ஆவணமே வேண்டாம், நிரலுக்குள்ளேயே எச்சரிக்கை காட்டினால் போதும் என்று. பைத்தானில் இது கைகொடுக்காது. கைவிடப்படும் வசதிகளுக்கான டெப்ரிகேஷன்வார்னிங் வகை எச்சரிக்கை, நேரடியாக இயக்கப்படும் முதன்மைக் கோப்பில் எழுந்தால்தான் இயல்பாகத் திரையில் வரும்; நூலகங்களுக்குள் எழுந்தால் மறைக்கப்படும். கனெக்டரை அழைப்பது பெரும்பாலும் இன்னொரு நூலகம்தான். எச்சரிக்கையும் பிழைச்செய்தியும் ஆவணத்தின் நிலையான முகவரியைச் சுட்டட்டும். விளக்கம் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்

வெர்ஷன் எல்லையைப் பதிவுக்குள் எழுதுவது எளிது என்று நினைத்தால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பைத்தான் கனெக்டரான சைகோபிஜி 3-ஐயும், சர்வர் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடைநிலை நிரலான பிஜிபவுன்சரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே வினவல் ஓர் இணைப்பில் ஐந்து முறைக்கு மேல் ஓடினால், சைகோபிஜி 3 அதை சர்வரில் முன்தயாரித்த கூற்றாக (சர்வர் ஒருமுறை அலசிப் பெயரிட்டு வைத்துத் திரும்ப ஓட்டும் வினவலாக) மாற்றிவிடும். பிஜிபவுன்சர் டிரான்ஸாக்‌ஷன் முறையில் இயங்கும்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வேறு சர்வர் இணைப்பைக் கொடுக்கலாம். தயாரித்த கூற்று ஓர் இணைப்பில், ஓட்டச் சொல்வது மற்றோர் இணைப்பில். விளைவு, அந்தப் பெயரில் கூற்று இல்லை என்றோ ஏற்கெனவே இருக்கிறது என்றோ பிழை வரும். சோதனைகளில் எந்த வினவலும் ஐந்து முறை ஓடியிருக்காது. எல்லாம் பச்சையாக இருக்கும். உற்பத்திச் சூழலில் சில நிமிடம் கழித்து உடையும். ஆகவே ‘எப்போது தெரியும்’ என்ற புலம் இல்லாத பதிவு இங்கே பாதிப் பதிவுதான்.

வெர்ஷன் எல்லையும் ஒற்றை எண்ணாக இல்லை. இந்தச் சேர்க்கை ஒழுங்காக இயங்க சைகோபிஜி 3.2, பிஜிபவுன்சர் 1.22, போஸ்ட்கிரெஸின் அடிப்படை இணைப்பு நூலகமான லிப்பிக்யூ 17 ஆகிய மூன்றும் அந்த எண்ணிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பிஜிபவுன்சரில் முன்தயாரித்த கூற்றுகளின் உச்ச எண்ணிக்கையும் பூச்சியத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். ‘3.2-இல் சரியானது’ என்று மட்டும் எழுதினால், பழைய லிப்பிக்யூவோடு 3.2 வைத்திருப்பவர் ஆவணத்தின் மேலே நம்பிக்கை இழப்பார். அவர் பக்கம்தான் நியாயம்.

இதையே பதிவாக எழுதினால் இப்படி இருக்கும்:

எண்: 0042
அறிகுறி: முன்தயாரித்த கூற்று இல்லை என்ற பிழை, எஸ்க்யூஎல்ஸ்டேட் (பிழைக் குறியீடு) 26000. சில நேரம் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை, 42பி05.
எப்போது: ஒரே வினவல் ஓர் இணைப்பில் ஐந்து முறைக்கு மேல் ஓடிய பிறகு, நடுவில் பிஜிபவுன்சர் டிரான்ஸாக்‌ஷன் முறையில் இருந்தால் மட்டும்.
பாதிப்பு: சைகோபிஜி 3.0 முதல் 3.1 வரை எல்லாம், 3.2-இலும் லிப்பிக்யூ 17-க்குக் கீழ் அல்லது பிஜிபவுன்சர் 1.22-க்குக் கீழ் இருந்தால், அல்லது பிஜிபவுன்சரின் உச்ச எண்ணிக்கை பூச்சியமாக இருந்தால்.
மாற்றுவழி: எத்தனை ஓட்டத்துக்குப் பின் முன்தயாரிப்பது என்ற தயாரிப்பு வரம்பை ‘நன்’ (None) என்று வைக்கவும்.
இழப்பது: திரும்பத் திரும்ப ஓடும் வினவல்களில், முன்தயாரிப்பால் மிச்சமாகும் நேரம்.
மாற்றுவழியை நீக்க: மூன்று வெர்ஷன்களும் மேற்சொன்ன அளவை எட்டி, பிஜிபவுன்சரின் உச்ச எண்ணிக்கையும் பூச்சியத்துக்கு மேல் வைக்கப்பட்டதும்.
கடைசியாகச் சோதித்தது: தேதியும் வெர்ஷன்களும்.

அறிகுறி முதலில் வருவதைக் கவனியுங்கள். வாசகர் கையில் இருப்பது அதுதான். பிழைச்செய்தியை உண்மையான பக்கத்தில் எழுதும்போது மூலமொழியில், ஓர் எழுத்து மாறாமல் இட வேண்டும். சர்வர் பெயர், போர்ட் எண் போல ஆளுக்கு ஆள் மாறும் பகுதிகளை மட்டும் நீக்கிவிடலாம். மொழிபெயர்த்தால் தேடலில் கிடைக்காது. அது மட்டும் போதாது என்பதற்காகத்தான் எஸ்க்யூஎல்ஸ்டேட். போஸ்ட்கிரெஸ் சர்வர் தன் மொழி அமைப்பைப் பொறுத்து ஜெர்மனிலோ ஜப்பானியத்திலோ பிழை சொல்லலாம். ஐந்தெழுத்துக் குறியீடு எந்த மொழியிலும் மாறாது. ஆரக்கிள் டேட்டாபேஸின் பைத்தான் கனெக்டரான பைத்தான்-ஆரக்கிள்டிபி இதில் வாசகருக்கு நல்லது செய்திருக்கிறது: டிபிஒய்-3010 போன்ற தனக்கேயான எண்களோடு பிழை தருகிறது. அந்த எண் கிடைத்தவருக்கு, தின் முறையில் (ஆரக்கிளின் தனி நூலகங்கள் இல்லாமல் இயங்கும் முறையில்) இந்தப் பழைய சர்வரோடு இணைய முடியாது என்ற விளக்கம் ஒரு தேடலில் கிடைத்துவிடும்.

‘பாதிப்பு’ வரியில் ‘பழைய வெர்ஷன்கள்’ என்று எழுதக் கூடாது. இன்றைய புதியது ஆறு மாதத்தில் பழையது. இன்னொன்று, ‘பாதிக்கவில்லை’ என்பதும் ‘சோதிக்கவில்லை’ என்பதும் தனித்தனி. சோதிக்காத கிளையைப் பட்டியலில் விட்டுவிட்டால் அது பாதுகாப்பானது என்றே படிக்கப்படும். எண்ணை ஒருமுறை கொடுத்தால் வேறு சிக்கலுக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. பக்கத்தில் உள்முகவரியைத் தலைப்பிலிருந்து தானாக உருவாக்க விடாமல் அந்த எண்ணிலிருந்தே வையுங்கள். இல்லாவிட்டால் தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்திய நாளில், பிழைச்செய்திகளும் பிறர் பக்கங்களும் சுட்டிக்கொண்டிருந்த இணைப்புகள் எல்லாம் பக்கத்தின் தலைக்குப் போய் நிற்கும்.

மாற்றுவழி எழுதும்போது

இந்தப் பகுதியில்தான் ஆவணம் எழுதுபவர் தெரியாமல் கெடுதல் செய்யக்கூடும். எஸ்க்யூஎல் சர்வருக்கான டாட்நெட் கனெக்டரான மைக்ரோசாஃப்ட்.டேட்டா.எஸ்க்யூஎல்கிளையண்ட் 4.0, 2021 நவம்பரில் வந்தபோது, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் என்கிரிப்ட் பண்பின் இயல்பு மதிப்பை இயங்குநிலைக்கு மாற்றியது. எஸ்க்யூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவர் 18-உம் ஜேடிபிசி டிரைவர் 10.2-உம் அதே மாற்றத்தோடு வந்தன. தானே கையெழுத்திட்ட சான்றிதழோடு ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில் எல்லாம், சான்றிதழை வழங்கியவர் நம்பத்தகுந்தவர் இல்லை என்ற பிழை எழுந்தது. உடனே பரவிய மாற்றுவழி, சர்வர் சான்றிதழை நம்பு என்ற பண்பை ‘ட்ரூ’ ஆக்குவது. பிழை போய்விடும். குறியாக்கம் இருக்கும். ஆனால் எதிரே இருப்பது உண்மையில் நம் சர்வர்தானா என்ற சரிபார்ப்பு போய்விடும். நடுவில் புகுந்தவர் தன் சான்றிதழைக் காட்டி எல்லாவற்றையும் படிக்கலாம்.

மைஎஸ்க்யூஎல் பக்கத்திலும் இதே கதை. 8.0 சர்வரின் இயல்பான கடவுச்சொல் முறை கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்ட். டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாத இணைப்பில் அதற்கு சர்வரின் பொதுச்சாவி வேண்டும். கனெக்டர்/ஜே அதைக் கேட்டு வாங்குவதை இயல்பாக மறுத்து, பொதுச்சாவி பெற அனுமதியில்லை என்ற பிழை தருகிறது. அனுமதிக்கும் பண்பை ‘ட்ரூ’ என்று வைத்தால் வேலை நடக்கும். அதோடு, நடுவில் இருப்பவர் தன் சாவியைக் கொடுத்துக் கடவுச்சொல்லைத் திறந்து பார்க்கவும் வழி திறக்கும். டிஎல்எஸ்ஸை இயக்குவதோ, சர்வரின் பொதுச்சாவிக் கோப்பைக் கனெக்டருக்கு முன்கூட்டியே கொடுப்பதோதான் சரியான வழி.

மக்கள் மாற்றுவழியை ஒரு வரியாக நகலெடுப்பார்கள். சுற்றியுள்ள எச்சரிக்கைப் பத்தி கூட வராது. எனவே முழுமையான தீர்வை முதலில் எழுதுங்கள், குறுக்குவழியை இரண்டாவதாக எழுதுங்கள், ‘இழப்பது’, ‘நீக்க’ என்ற இரண்டு வரிகளையும் குறுக்குவழிக்குக் கீழே ஒட்டியே வையுங்கள். முடிந்தால் நகலெடுக்கும் அமைப்புத் துண்டுக்குள்ளேயே ஒரு கருத்துரை வரியாகச் சிக்கல் எண்ணைச் சேருங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த வரியைப் பார்ப்பவர், இது ஏன் இங்கே இருக்கிறது என்று எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பார்.

வேறு கனெக்டரின் ஆவணத்திலிருந்து மாற்றுவழியைக் கடன் வாங்கவும் கூடாது. முன்தயாரிப்பு வரம்பு என்ற அதே அமைப்பு போஸ்ட்கிரெஸின் ஜாவா கனெக்டரான பிஜிஜேடிபிசியிலும் இருக்கிறது, இயல்பு மதிப்பும் அதே 5. ஆனால் பிஜிஜேடிபிசி ஐந்தாவது ஓட்டத்திலேயே முன்தயாரிப்புக்கு மாறும். அங்கே 0 என்று வைத்தால் முன்தயாரிப்பு அணையும். சைகோபிஜி 3-இல் 0 என்று வைத்தால் ஒவ்வொரு வினவலும் முதல் ஓட்டத்திலேயே முன்தயாரிக்கப்படும். அணைக்க வேண்டுமானால் ‘நன்’. ஒரே பெயர், ஒரே எண், நேரெதிர் விளைவு.

மாற்றக் கையேடு: வெர்ஷன் தாவலுக்கு ஒன்றா, எல்லாம் சேர்த்தா?

மாற்றக் கையேட்டில் பொதுவாக மூன்று வடிவம் போட்டியிடும். பெரிய வெர்ஷன் தாவல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்பது ஒன்று. எந்தப் பழைய வெர்ஷனிலிருந்தும் புதியதற்கு வர ஒரே நீளப் பக்கம் என்பது இரண்டு. கையேட்டைச் சுருக்கி, பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும் ஒத்திசைவு அமைப்பைக் கொடுத்துவிடுவது மூன்று.

நீளப் பக்கம் படிப்பவருக்கு வசதி என்பது முதல் தாவல்வரைதான் உண்மை. மூன்று தாவல் சேர்ந்ததும், 2-இல் மாறி 3-இல் மறுபடி மாறிய அமைப்புகளைப் பற்றிய வரிகள் ஒன்றோடொன்று முரண்படும். இந்த வேறுபாடுகள் உறைந்த தகவல் என்று முன்பே பார்த்தோம். தாவலுக்கு ஒரு பக்கம் எழுதி, வெளியானபின் எழுத்துப்பிழையைத் தவிர வேறெதையும் தொடாமல் விடுவதே பொருத்தம். 2-இலிருந்து 4-க்குப் போகிறவர் இரண்டு பக்கம் படிக்கட்டும். தாவலுக்குப் பிறகு தெரியவரும் புதுச் சிக்கல்களுக்கு உயிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைப்பு மேலே இருந்தால் போதும்.

ஒத்திசைவு அமைப்பு கையேட்டுக்கு மாற்று இல்லை; கால அவகாசம் தருவது, அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸின் டாட்நெட் கனெக்டரான என்பிஜிஎஸ்க்யூஎல் 6.0 நேரமுத்திரைகளைக் கையாளும் முறையை மாற்றியபோது பழைய நடத்தைக்குத் திரும்ப ஒரு சுவிட்ச் கொடுத்தது. நிரல் தொடங்கியதும், கனெக்டரை முதன்முதலில் தொடுவதற்கு முன்பே அதை இயக்க வேண்டும். அந்த வரிசை தவறினால் சுவிட்ச் இருந்தும் பயன் இல்லாமல் போகும் என்பதைக் கையேடு சொல்லியாக வேண்டும்.

வடிவத்தைவிட முக்கியம் உள்ளே வரிசை. பெரும்பாலான கையேடுகள் கூறுவாரியாக அடுக்கும்: இணைப்பு, வினவல், தரவு வகை என்று. நாங்கள் சொல்வது, சத்தத்தின் அடிப்படையில் அடுக்க வேண்டும், சத்தமே போடாத மாற்றங்கள் முதலில் வர வேண்டும் என்பது. கனெக்டர்/ஜே 5.1-இலிருந்து 8.0-க்கு வருபவர் முதலில் பார்ப்பது டிரைவர் கிளாஸின் பெயர் மாற்றம். பழைய பெயரைக் கொடுத்தால் எச்சரிக்கை வரும், ஆனால் வேலை நடக்கும். பூச்சியத் தேதிகளுக்கான அமைப்பில் பழைய மதிப்பைக் கொடுத்தால் இணைப்பே உடையும். ஏற்கும் மதிப்புகள் எவை என்று பிழைச்செய்தியே சொல்லிவிடும். 8.0-இன் தொடக்க வெளியீடுகளில், சர்வரின் நேரமண்டலம் ஐஎஸ்டி போன்ற சுருக்கெழுத்தாக வந்தால் புரியவில்லை என்று நின்றுவிடும். அந்த மூன்றெழுத்து இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்குமே பொருந்துவதால் அப்படி நிற்பது நியாயம்கூட. இவை எல்லாம் கத்தும் மாற்றங்கள். கையேடு இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்.

சத்தமே போடாத மாற்றம் வேறு: கேட்டலாக் (கனெக்டர்/ஜேயில் டேட்டாபேஸைக் குறிக்கும் சொல்) பெயர் கொடுக்காவிட்டால் நடப்பு டேட்டாபேஸைக் குறிக்கும் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 5.1-இல் ‘ட்ரூ’, 8.0-இல் ‘ஃபால்ஸ்’. கேட்டலாக்கை நிரப்பாமல் அட்டவணைப் பட்டியல் கேட்கும் கருவிக்கு இனி சர்வரில் உள்ள மற்ற டேட்டாபேஸ்களின் அட்டவணைகளும் சேர்ந்து வரும். அதே பெயரில் வேறு டேட்டாபேஸில் ஓர் அட்டவணை இருந்தால், நம்முடையது ஏற்கெனவே உருவாகிவிட்டது என்று கருவி எண்ணிக்கொள்ளும். பிழை எதுவும் வராது. ஒரே ஒரு டேட்டாபேஸ் உள்ள சோதனைச் சர்வரில் இது தெரியவே தெரியாது. கையேட்டின் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும்.

சில மாற்றங்கள் பாதி கத்தும், பாதி கத்தாது. என்பிஜிஎஸ்க்யூஎல் 6.0-இல் நேரமண்டலத்தோடு கூடிய நெடுவரிசைக்கு யூடிசி (உலகப் பொது நேரம்) அல்லாத நேரத்தை எழுதினால் விலக்கு எழும். அது கத்தும் பாதி. அதே நெடுவரிசையைப் படித்தால் முன்பு உள்ளூர் நேரமாக வந்தது இப்போது யூடிசியாக வரும். எதுவும் உடையாது, திரையில் நேரம் மட்டும் சில மணி தள்ளி நிற்கும். இரண்டையும் ஒரே புள்ளியில் சுருக்கினால் வாசகர் முதல் பாதியைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்.

சைகோபிஜி2-இலிருந்து 3-க்கு வருபவருக்கு ‘வித்’ தொகுதியும் இப்படித்தான். 2-இல் இணைப்பை ‘வித்’ உடன் பயன்படுத்தினால் தொகுதி முடிவில் பரிவர்த்தனை முடியும், இணைப்பு திறந்திருக்கும். 3-இல் இணைப்பே மூடப்படும். பிழை எழும், ஆனால் தொகுதிக்கு வெளியே, அடுத்த முறை அந்த இணைப்பைத் தொடும் இடத்தில். காரணம் ஓரிடம், அலறல் வேறிடம். ‘இன்’ என்பதற்குப் பிறகு டியூப்பிளை (பைத்தானின் மாற்றமுடியாத வரிசையை) அளவுருவாகக் கொடுக்கும் பழக்கமோ முதல் ஓட்டத்திலேயே தொடரியல் பிழையாக வெடிக்கும். பட்டியலாகக் கொடுத்து ‘எனி’ போடுங்கள் என்று முன்-பின் இரண்டு வரி காட்டினால் முடிந்தது. அந்த முன்-பின் வரிகளை இரண்டு தனிச் சூழலில், ஒன்றில் பழைய வெர்ஷன், மற்றதில் புதியது நிறுவி, பில்டின்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டாத எடுத்துக்காட்டில் ஓர் அடைப்புக்குறி தவறுவது சாதாரணம்.

பெயரே மாறும் தாவல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல் கனெக்டர்/ஜேயின் மேவன் (ஜாவா நூலகங்களை இறக்கும் கருவி) முகவரி 8.0.31-இல், 2022 அக்டோபரில் மாறியது; பழைய பெயரில் 8.0.33-ஓடு நின்றுவிட்டது. பழைய பெயரில் இருப்பவரிடம் தானியங்கிப் புதுப்பிப்புக் கருவி ‘நீங்கள் சமீபத்தியதில்தான் இருக்கிறீர்கள்’ என்று சொல்லும். சிஎக்ஸ்_ஆரக்கிள் 2022-இல் பைத்தான்-ஆரக்கிள்டிபி ஆனதும் இதே வகை. இப்படிப்பட்ட தாவலில் அறிவிப்பை வைக்க வேண்டிய இடம் பழைய பெயரின் பக்கம்; புதிய பெயரின் ஆவணத்தில் எழுதினால், அதைப் படிக்க வேண்டியவர் அங்கே வரவே மாட்டார்.

இருக்கும் ஆவணத்தைப் புதுப்பிக்கும் வரிசை

வெறும் பக்கத்திலிருந்து தொடங்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. பழைய வெளியீட்டுக் குறிப்புகளில் ‘தெரிந்த சிக்கல்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளவை, டிராக்கரில் லேபிள் ஒட்டியவை, கடந்த ஓராண்டில் ஆதரவுக் கேள்விகளில் இரண்டு முறைக்கு மேல் வந்தவை: இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது முதல் வேலை. எழுதத் தொடங்க வேண்டாம். ஒவ்வொன்றையும், ஆதரவில் உள்ள ஒவ்வொரு கிளையின் கடைசி வெளியீட்டிலும் ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் கணிசமான பகுதி எப்போதோ சரியாகியிருப்பது தெரியவரும். எந்த வெளியீட்டில் சரியானது என்பதை மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை கண்டுபிடிக்கும். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் இடம் தெரிந்துவிடும். மறுபடி வரவைக்க முடியாதவற்றை ‘சரியானது’ என்று எழுதிவிடாமல், ‘இந்தத் தேதியில் இந்த வெர்ஷனில் வரவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

பிறகு எண் கொடுத்துப் பதிவுகளை எழுதலாம், கூடவே சோதனைகளையும். சோதனை எழுத முடியாத சிக்கல்கள் இருக்கும்: குறிப்பிட்ட சர்வர் பதிப்போ, நெரிசலான வலையமைப்போ இருந்தால் மட்டும் வருபவை. அவற்றுக்கு ‘கடைசியாகச் சோதித்தது’ தேதி ஆறு மாதத்தைத் தாண்டினால் பில்டில் எச்சரிக்கை வரும்படி ஒரு சிறு நிரல் போதும். பழைய பக்கங்களின் முகவரிகளை 404-க்கு விடாமல் நிரந்தர வழிமாற்றாக, 301-ஆக, புதிய பதிவுக்குத் திருப்புங்கள். ஆவணம் உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்ஸைப் பயன்படுத்தினால் அதிலேயே உள்ள இணைப்புச் சோதனை உடைந்தவற்றைக் காட்டிவிடும்.

ஒரே ஒரு கிளையை மட்டும் ஆதரிக்கும் சிறு திட்டம், கையில் பத்துக்கும் குறைவான சிக்கல்கள் என்றால் இவ்வளவும் தேவையில்லை. அறிமுகக் கோப்பிலேயே ஒரு பகுதியும், டிராக்கரில் தலைப்பைத் திருத்தி முதல் மறுமொழியில் முடிவைச் சுருக்கி ஒட்டிவைத்த பதிவுகளும் போதும். இரண்டாவது கிளை ஆதரவுக்கு வந்த நாளில் உயிர்ப்பக்கத்துக்கு மாறுங்கள். மூன்றாவது வரும்வரை காத்திருந்தால் வெர்ஷன் எல்லைகளைப் பின்னோக்கித் தேடுவது சில நாள் வேலையாகிவிடும்.

சரிசெய்யப்பட்ட சிக்கல்களை எப்போது நீக்குவது என்பது கடைசிக் கேள்வி. திருத்தம் வந்த அன்று நீக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட வெர்ஷனில் இன்னும் பலர் இருப்பார்கள், பிழைச்செய்தியைத் தேடி அன்றும் மறுநாளும் வருவார்கள். நிலையை மட்டும் மாற்றிப் பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு நகர்த்துங்கள். பாதிக்கப்பட்ட கடைசிக் கிளையின் ஆதரவு முடிந்த பிறகு காப்பகப் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். அப்போதும் பழைய எண்ணின் முகவரியைத் திறந்தால் அந்தப் பதிவே வர வேண்டும். ஏற்கெனவே வெளியான கனெக்டர்களின் பிழைச்செய்திகளுக்குள் அந்த முகவரி அச்சாகிக் கிடக்கிறது, அதை இனி யாராலும் திருத்த முடியாது.